கன்ஹேரிக் குன்றும் நாமும்

மும்பை மாநகரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது பெரும்பாலும் உறவினர் வருகை, கோயில், சந்தை இவற்றோடு கழிந்துவிடும் நாளாகும். மின்சார ரயிலில் ஆறு நாளும் நின்றபடியே பயணம் செய்தவர்க்கு ஏழாம் நாள் மலையேறும் விருப்பம் எழாதது வியப்பன்று. எனினும், சென்ற மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்த ஒரு ஞாயிறன்று, நம் சங்கத்துக் குடும்பங்கள் சில ஒன்றுகூடிப் போரிவலி நிலையத்தில் இறங்கி, கன்ஹேரிக் குன்றை நோக்கி நடந்தோம். கட்டுச்சோறும் தண்ணீர்ப் பாத்திரங்களும் உடன் வந்தன. முதியோர் இருவர் பேருந்தில் வருவதாகச் சொல்லியிருந்தனர். சிறுவர் முன்னே நடப்பதைக் கண்டு வெட்கமுற்றோ என்னவோ, எங்களோடு நடந்தே வந்தனர்.

பூங்கா வாயிலிலிருந்து குகைகள் வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவு. வாயிலைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் நகரத்தின் இரைச்சல் அடங்கிவிடுகிறது. தஹிசர் ஆறு கற்களிடையே சலசலத்து ஓடுகிறது. இருபுறமும் மூங்கிற் புதர்கள். அப்பால் தேக்கும், புரசும், இலவும். ஏறக்குறைய 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இக்காடு, சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்னும் பெயரால் வழங்குகிறது. கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நகரத்தின் எல்லைக்குள்ளேயே சிறுத்தைகள் உலவும் காடு உலகில் வேறெங்கும் எளிதிற் காணக்கிடைப்பதன்று.

இம்மலைச் சரிவுகளில் ‘கார்வி’ என்றொரு செடி அடர்ந்து வளர்ந்திருக்கிறது. எட்டாண்டுகளுக்கு ஒருமுறை மலை முழுதும் ஒருங்கே நீலமும் ஊதாவுமாகப் பூத்துக் குலுங்கி, விதை சிந்தி மடிவது இதன் இயல்பு. நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பன்னீராண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சிக்கு இது நெருங்கிய உறவு. குறிஞ்சித் திணை என ஒரு நிலத்துக்கே மலரின் பெயரை இட்டு வழங்கிய மரபினர் நாம். அம்மலரின் தங்கை நம் வீட்டு வாயிலிலேயே வளர்வதை அறியாமல் எத்தனையோ ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்திருக்கிறோம்! கார்வித் தண்டுகளை வரிசையாகப் பின்னி, மண்ணும் சாணமும் பூசிச் சுவரெழுப்புவது இங்குள்ள வார்லி மக்களின் வழக்கம்.

அவ்வார்லி மக்களைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ‘பாடா’ எனப்படும் அவர்தம் சிற்றூர்கள் இக்காட்டுக்குள்ளே உள்ளன. 1995-ஆம் ஆண்டு தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம் 1997-ஆம் ஆண்டு பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, பூங்கா எல்லைக்குள் குடிசையிட்டிருந்த பல்லாயிரவர் வெளியேற்றப்பட்டனர். காடு காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. ஆயினும் குடிசையிட்டோர் யாவர்? நம்மைப் போலவே பிழைப்பை நாடி எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். நமக்கு அடுக்குமாடி வாய்த்தது, அவர்க்கு வாய்க்கவில்லை. காட்டோடு தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்துவரும் பழங்குடியினரும் அந்த ஆணையின் வீச்சில் அலைக்கழிக்கப்பட்டதுதான் இன்னும் வருந்தத்தக்கது.

மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறி முடியுமிடத்தில் கற்படிகள் தொடங்குகின்றன. கரிய எரிமலைப் பாறை. கன்ஹேரி என்னும் பெயரே அக்கருமையைக் குறிப்பதுதான். வடமொழியில் கிருஷ்ணகிரி, பிராகிருதத்தில் கண்ஹகிரி, அது தேய்ந்து கன்ஹேரி. நாம் வழங்கும் ‘கண்ணன்’ என்னும் பெயரும் அந்தக் ‘கண்ஹ’ என்பதன் வழி வந்ததே என்பர். இதனைச் சொன்னவுடன், எங்களோடு வந்த கிருஷ்ணகிரி ஊரினர் ஒருவர் தம் சொந்த ஊருக்கே வந்துவிட்டதைப் போல் மகிழ்ந்தார்.

குகைகள் நூற்றுக்கும் மேற்பட்டவை. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் காலம் பௌத்தத் துறவியர் இங்கே உறைந்தனர். அருகிலிருந்த சோபாராவும், கல்யாணும், சேமுல்லம் எனப்பட்ட செளலும் அந்நாளில் பெரிய வாணிகத் தலங்கள். அவ்வூர் வணிகரும் கொல்லரும் பொற்கொல்லரும் பிக்குணிகளும் பொருளீந்து குடைவித்தவையே இக்குகைகள். மூன்றாம் எண் குகையாகிய பெரிய சைத்தியத்தின் முகப்பில் இருபுறமும் ஏழு மீட்டர் அளவில் நெடிதுயர்ந்து நிற்கும் புத்தர் உருவங்களைக் கண்டு சிறுவர் வாயடைத்து நின்றனர். அச்சைத்தியத்தைச் செய்வித்தோர் வணிகச் சகோதரர் இருவர். அங்குள்ள கல்வெட்டு யக்ஞஸ்ரீ சாதகர்ணி என்னும் சாதவாகன மன்னனின் பெயரைத் தாங்கியுள்ளது.

சாதவாகனர் நமக்கு அயலார் அல்லர். சிலப்பதிகாரம் சேரன் செங்குட்டுவனின் நண்பராகக் கூறும் ‘நூற்றுவர் கன்னர்’ இவர்களே என்பது அறிஞர் பலர் கருத்து. அதனினும் உறுதியான சான்று அவர்தம் வெள்ளி நாணயங்களிலேயே உள்ளது. வாசிஷ்டீபுத்திர சாதகர்ணி வெளியிட்ட நாணயத்தில் ஒரு பக்கம் மன்னன் முகமும் பிராகிருத மொழியில் அவன் பெயரும் உள்ளன. மறுபக்கத்திலோ அதே செய்தி திராவிட மொழி ஒன்றில் பொறிக்கப்பட்டுள்ளது. அம்மொழி தமிழே என்பது ஐராவதம் மகாதேவன் உள்ளிட்டோர் முடிபு. ‘புத்திர’ என்பதற்கு நேராக அங்கே ‘மகன்’ என்னும் நம் சொல் நிற்கிறது. தக்காண நாட்டை ஆண்ட ஒரு வேந்தன், தென்மொழி பேசுவோர் கையிலும் தன் காசு புழங்குவதை எண்ணி, ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே இருமொழியில் அச்சிட்டிருக்கிறான். மொழிப் பூசல் மிகுந்த நம் காலத்தில் இதனை நினைத்துப் பார்ப்பது நன்று.

அந்த மன்னனின் மனைவியைப் பற்றிய செய்தியும் இக்குன்றிலேயே கிடைக்கிறது. அவள் சக மரபைச் சேர்ந்த மகாக்ஷத்திரபன் ஒருவனின் மகள். கல் சிதைந்து தந்தையின் பெயரில் முதலெழுத்து மட்டுமே எஞ்சியிருப்பினும், அவன் உருத்திரதாமனே என்பர். இந்த உருத்திரதாமன் தக்காண வேந்தன் சாதகர்ணியை இருமுறை போரில் வென்றும், நெருங்கிய உறவினன் என்பதால் அழிக்காது விட்டதாக ஜுனாகட் பாறையில் எழுதி வைத்திருக்கிறான். மாமனுக்கும் மருமகனுக்கும் இடையே போர், நடுவே அவள். பிறந்த வீடும் புகுந்த வீடும் படைதிரட்டி நிற்க, அவள் உள்ளம் பட்ட பாட்டை எந்தக் கல்லும் சொல்லவில்லை. அவளுடைய அமைச்சன் சதேரகன் இங்கே ஒரு நீர்த்தொட்டி வெட்டுவித்தான் என்பதே அக்கல்வெட்டின் செய்தி. பேரரசுகள் இரண்டு மோதிய வரலாற்றில் இக்குன்றின்மேல் எஞ்சியது ஒரு தண்ணீர்த் தொட்டி!

அந்தத் தொட்டிகளைப் பற்றியே ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். ஆனி தொடங்கிப் புரட்டாசி வரை கொட்டித் தீர்க்கும் மழை, அதன்பின் எட்டு மாதம் எட்டிப் பாராது. குன்றின் உச்சியில் ஊற்றும் இல்லை, ஆறும் இல்லை. ஆகவே ஒவ்வொரு குகையின் முற்றத்திலும் பாறையைக் குடைந்து தொட்டி அமைத்தனர். மேற்பாறையில் விழும் மழைநீர் சிறு வாய்க்கால்களின் வழியே ஓடிவந்து தொட்டியில் நிறையுமாறு செய்தனர். கல்வெட்டுகளில் இத்தொட்டிக்குப் பெயர் ‘போடி’. (இதனைப் போடிநாயக்கனூரோடு இணைத்துக் காட்ட எங்களுள் ஓர் அன்பர் முயன்றார். தமிழ்ச் சங்கத்தார் நால்வர் கூடுமிடத்தில் இது தவிர்க்க இயலாதது. ஆனால் தொடர்பு ஏதுமில்லை.) நாங்கள் சென்ற நாளிலும் தொட்டிகள் பல நிறைந்து தெளிந்திருந்தன. பெண்கள் அதன் ஓரத்தில் அமர்ந்து, ஊரிலிருந்த கோயிற் குளத்தைப் பற்றிப் பேசலாயினர்.

துறவியர்க்குக் குகையும் நீரும் மட்டும் போதுமா? நிலத்தையும் பணத்தையும் முதலாக வைத்து, அதன் வருவாயிலிருந்து துறவிக்கு ஆடைக்காகப் பதினாறு காசும், பருவ காலத்தில் மாதந்தோறும் ஒரு சிறு தொகையும் தருமாறு ஏற்பாடு செய்தோர் பலர். நம் சங்கத்தின் வைப்பு நிதியைப் பாதுகாக்கும் பொருளாளர், இதனைக் கேட்டு அக்கணக்கை இருமுறை திரும்பச் சொல்லச் செய்தார். கொடுத்தவர் எல்லாம் உள்ளூரார் அல்லர். தொண்ணூறாம் குகைக்குச் செல்லும் வழியில் இதனைப் பேசிக்கொண்டே நடந்தோம். கி.பி. 494-இல் கல்லும் செங்கல்லும் கொண்டு இங்கே ஒரு தூபி எழுப்பியவன் சிந்து நாட்டான். ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனும் அவன்கீழ்ச் சிலாகார மரபினரும் ஆண்ட காலத்தில், நூறு திரம்மம் நிதி வைத்தவன் கௌட நாட்டிலிருந்து, அதாவது வங்கத்திலிருந்து வந்தவன். பிறந்த மண்ணை விட்டு வந்த இவர்கள், வந்த மண்ணில் தம் பெயரை நிறுத்த நல்லதொரு வழி கண்டனர். பெயருக்கு முன் ஒரு கொடையை வைத்தனர்.

தொண்ணூறாம் குகையில் அவலோகிதேசுவரரின் சிற்பம் ஒன்று உண்டு. யானை, சிங்கம், பாம்பு, தீ, கள்வர் முதலிய இடர்களில் சிக்கியவர் அவரை வேண்டி நிற்கும் காட்சி இருபுறமும் செதுக்கப்பட்டுள்ளது. கடலில் கலம் கவிழ்ந்து தவிப்போரும் அதில் உள்ளனர். கலமேறிப் பொருள் தேடச் சென்ற வணிகரின் அச்சம் முழுவதும் அந்தச் சிறு கட்டத்திற்குள் அடங்கியிருக்கிறது. அதன்முன் நின்று அவற்றை ஒவ்வொன்றாய்ச் சிறுவர்க்குக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான், எங்களுள் ஒருவரின் மகன், பதினொரு வயதுடையவன், கூரிய கல்லொன்றால் சுவரில் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறத் தொடங்கியதைக் கண்டோம்.

தந்தை கைபிடித்து இழுத்தார். கன்னத்தில் அறை விழுமுன் மூதாட்டி ஒருவர் குறுக்கே புகுந்தார். சுவரில் கீறல் ஆழமாகப் பதியவில்லை. எங்கள் நாணம்தான் ஆழமாகப் பதிந்தது. ஏனெனில், சில கணங்களுக்கு முன்புதான் அதே குகையில் உள்ள பஹ்லவி எழுத்துகளைப் பெருமையோடு காட்டியிருந்தோம். கி.பி. 1009-லும் 1021-லும் இக்குன்றைக் காண வந்த பார்சிப் பெருமக்கள், வந்த நாளையும் தம் பெயர்களையும் கல்லில் எழுதிச் சென்றுள்ளனர். அவர்கள் எதையும் வெட்டுவிக்கவில்லை, நிதி வைக்கவுமில்லை, எங்களைப் போல் பார்க்க வந்தவர்களே. பையன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “அவர்கள் எழுதினால் வரலாறு, நான் எழுதினால் குற்றமா, மாமா?” என்று கேட்டான்.

உடனே விடை சொல்ல எவர்க்கும் நா எழவில்லை. 1958-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தைச் சுட்டினார் ஒருவர். உண்மைதான், ஆயினும் பையன் கேட்டது சட்டத்தை அன்று. பார்சியர் தம் தாய்நாட்டைத் துறந்து வந்த சிறுகூட்டத்தார். இந்நாட்டில் அவர்கள் வாழ்ந்ததைக் காட்டும் மிகப் பழைய சான்றுகளுள் அவ்வெழுத்துகளும் அடங்கும் என்றார் இன்னொருவர். “நாமும் அப்படித்தானே வந்தோம்?” என்றான் பையன். மெய்யாகவே அது எங்களைத் தைத்தது. அவன் பிறந்தது இந்நகரில். ஊர் எது என்று கேட்டால் அவன் பெற்றோர் திருநெல்வேலி என்பர். திருநெல்வேலிக்குச் சென்றாலோ, பம்பாய்ப் பையன் என்பர். கல்லில் பெயர் எழுதத் தோன்றியது குறும்பு மட்டும்தானா என்னும் ஐயம் எங்களுக்கு இன்றும் உண்டு.

இறுதியில் அந்த மூதாட்டியே அவனை அழைத்துச் சென்று, தொட்டியருகே இருந்த ஒரு கல்வெட்டைக் காட்டி, “இவன் பெயரைத் தண்ணீர் குடித்தவன் எல்லாம் சொல்லியிருப்பான், உன் பெயரைப் பார்த்தவன் என்ன சொல்வான், கண்ணா?” என்றார். அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் குறிப்பேட்டில் பிராமி எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான்.

பிற்பகலில் இறங்கினோம். வழியில் ஓரிடத்தில் நின்று, துளசி ஏரியும் விஹார் ஏரியும் எத்திசையில் உள்ளன என்று சிறுவர்க்குக் காட்டினோம். விஹார் 1860-லும் துளசி 1879-லும் மும்பைக்கு நீர் தரக் கட்டி முடிக்கப்பட்டவை. இன்று நகரின் பெருந்தாகத்தைத் தீர்ப்பவை தான்சா, வைதர்ணா, பாட்சா முதலிய தொலைதூர நீர்நிலைகளே. எனினும் இவ்விரு ஏரிகளும் இன்னும் தம் பங்கைத் தருகின்றன. விஹாரும் பவாயும் நிரம்பி வழியும் நீரே மித்தி ஆறாகிறது. 2005-ஆம் ஆண்டு சூலை 26 அன்று சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி கரைபுரண்டபோது, இடுப்பளவு நீரில் கைகோத்து வீடு சேர்ந்தோர் நம்முள் பலர். அந்த ஆற்றின் பிறப்பிடம் இம்மலை என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டோம்.

வரும் ஆண்டும் மழை நின்றதும் மீண்டும் செல்ல எண்ணியுள்ளோம். திங்கட்கிழமைகளில் குகைகள் மூடப்பட்டிருக்குமாதலால் ஞாயிறே ஏற்றது. காலை 7 மணிக்குப் போரிவலி கிழக்கில் கூடுவோம். கட்டுச்சோற்றைப் பொதிந்து வரும் தாளையும் உறையையும் அவரவரே திரும்பக் கொண்டுவர வேண்டும். வர விரும்பும் அன்பர்கள் சங்கச் செயலாளரிடம் தம் பெயரை எழுதிக் கொடுக்குமாறு வேண்டுகிறோம். தாளில் எழுதினால் போதும்.