பணி நீங்கிய பெரியோர் காலங்கழித்த வகை

ஆங்கில அரசாட்சியில் உத்தியோகத்தர்க்கு ஐம்பத்தைந்தாம் வயதில் ஓய்வும் உபகாரச்சம்பளமும் உண்டென்னும் விதி இந்நாட்டில் வேரூன்றியபின், பணியினின்று நீங்குதலென்பது முதுமைக்கே உரியதொன்றாக எண்ணப்படுவதாயிற்று. உடல்வலியும் மேலோர் நன்மதிப்பும் குன்றாதிருக்கும்பொழுதே பதவியை விடுத்தவர் சைவ வரலாற்றிற் சிலர் உளர். அவர் விடுத்த காரணத்தைப் பலரும் எடுத்துரைப்பர். விடுத்தபின் நாட்களை எவ்வாறு செலவிட்டனர் என்பதோ பெரிதும் ஆராயப்படுவதில்லை. திருவாதவூரடிகள் அமைச்சுரிமை நீத்தது திருப்பெருந்துறையிற் குருவருளால் ஒருகணத்தில் நிகழ்ந்ததாகலின், அதனை இவ்வகையிற் சேர்த்தெண்ணுதல் பொருந்தாது.

சிறுத்தொண்ட நாயனார் திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குலத்துத் தோன்றி, மருத்துவநூலும் வடநூலும் படைக்கலத் தொழிலும் பயின்றவர். பரஞ்சோதியார் என்பது அவரது பிள்ளைத் திருநாமம். அரசன்பொருட்டுப் படைநடாத்தி வாதாவித் தொன்னகரைத் துகளாக்கினர் என்பது பெரியபுராணத்தாற் பெறப்படும். இது முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் 642 ஆம் ஆண்டையொட்டி வாதாபியை வென்ற செய்தியே என்பது சரித்திர ஆராய்ச்சியாளர் துணிபு. இவர் சிவனடியார் என்பதை அமைச்சர் வாயிலாக அறிந்த வேந்தன், அடியாரைப் போர்முனைக்கு விடுத்தமைக்கு அஞ்சிப் பிழைபொறுக்க வேண்டி, நிதிக்குவை அளித்து விடைகொடுத்தனன். ஊர்மீண்ட நாயனார் திருவெண்காட்டுநங்கையாரை மணந்து, கணபதீச்சரத்தை வழிபட்டு, நாள்தோறும் அடியாரை அமுதுசெய்வித்தபின் தாம் உண்ணும் நியமம் மேற்கொண்டனர். யானையும் குதிரையும் செலுத்திய பெருவீரர், அடியார்முன் தம்மைச் சிறியராகக் கருதி ஒழுகியமையானே சிறுத்தொண்டர் எனப் பெயர் பெற்றனர். பதவியால் வந்த பெருமிதத்துள் ஒன்றையும் அவர் வீட்டிற்குக் கொண்டுவந்திலர். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், ஞானம் பெற்றார்க்கும் உடலுள்ளளவும் அடியாரிணக்கமும் ஆலய வழிபாடும் உண்டென்று விதித்தலை நோக்குக. வினைநீங்கினார்க்கும் சோம்பியிருத்தல் விதிக்கப்பட்டிலது.

சேக்கிழார் நிலை வேறு. குன்றத்தூரினராகிய அவர் சோழவேந்தன்பால் முதலமைச்சராய் உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டமும் பெற்றிருந்து, திருத்தொண்டர் வரலாற்றை நூலாக்குமாறு வேண்டப்பெற்றுத் தில்லையை அடைந்தனர். நூல் அரங்கேறி முடிதற்கு ஒரு சித்திரைத் திருவாதிரை தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரை ஓராண்டு சென்றது என்ப. அமைச்சுரிமை அவர் தம்பியார் பாலறாவாயர்க்குச் சென்றது. பெரியபுராணத்தில் நாடு, ஊர், ஆறு, குடிவழக்கு என்பன பிழையறக் கூறப்பட்டிருத்தலை உற்றுநோக்குவார், அரசியற் பணியில் நாடெங்கும் அறிந்த அறிவே துறந்தபின் தொண்டர்சீர் பரவுதற்குக் கருவியாயிற்று என்று கொள்ளுதல் தகும்.

இக்கருத்திற்கு அண்மைக் காலத்துத் தெளிவான சான்று யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்களே. 18-12-1822 இற் பிறந்த இவர், தாம் கற்ற உவெசிலியன் மிஷன் பாடசாலையிலேயே இளமையில் ஆசிரியராகி, கீழ்வகுப்பிற்கு ஆங்கிலமும் மேல்வகுப்பிற்குத் தமிழும் கற்பித்தனர். அதன் தலைவராகிய பேர்சிவல் பாதிரியார் விவிலிய நூலைத் தமிழாக்கியபோது அதற்குத் துணைபுரிந்தவரும் இவரே. 31-12-1847 இல் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் முதற் பிரசங்கம் செய்தகாலத்தும் மிஷன் உத்தியோகம் நீங்கிலர். பகலிற் பாதிரிமார் பாடசாலை, வெள்ளிக்கிழமை இரவிற் சிவாலயப் பிரசங்கம் என இரண்டும் சிலமாதம் ஒருங்கு நடந்தன. இவ்வாறு நெடுநாள் நிற்றல் அவர் மனத்திற்கு ஒவ்வாதாயிற்று. 1848 இற் பணியை விடுத்தனர். அப்போது வயது இருபத்தைந்து. வேதனம் மிகுத்துத் தருவதாகப் பாதிரியார் வேண்டியும் இசைந்திலர் என்று அவர் சரித்திரம் எழுதினோர் கூறுவர்.

உபகாரச்சம்பளமும் இல்லை, வேறு சீவனோபாயமும் தேடப்பட்டிலது. மணஞ்செய்துகொள்ளாமையால் ஒருவாறு சுமை குறைந்ததெனினும், மேற்கொண்ட காரியங்களோ பெரும்பொருள் வேண்டுவன. 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினர். 1849 இல் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டு இந்தியா சென்றவிடத்துத் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டம் வழங்கிற்று. திருத்தொண்டர் பெரியபுராண வசனம் 1852 இலும், சைவதூஷண பரிகாரம் 1854 இலும், திருக்குறட் பரிமேலழகருரைப் பதிப்பு 1861 இலும் வெளிவந்தன. சிதம்பரத்து வித்தியாசாலை 1864 இல் எழுந்தது. இவையெல்லாவற்றிற்கும் சைவசமயிகளிடத்து விக்கியாபனங்கள் வாயிலாகப் பொருளுதவி வேண்டியும், அவ்வுதவி போதாமையை நொந்தும் அவர் எழுதியவை, உத்தியோகம் விட்டார்க்கு ஓய்வு எவ்வளவு கிட்டியது என்பதை நன்கு உணர்த்தும்.

ஒழுங்குற அமைந்த பாடசாலை, படிப்படியாக அமைந்த பாலபாடம், வினாவிடை நூல், எளிய வசனநடை, அச்சு, வாரந்தோறும் பிரசங்கம் என்னும் இவற்றின் ஆற்றலை மிஷன் பாடசாலையில் அருகிருந்தே கண்டவராதலின், அவற்றைச் சைவத்திற்கு ஆக்கிக்கொள்ளுதல் அவர்க்கு எளிதாயிற்று. அவ்வுத்தியோகத்தில் இருந்தமையை அவர்க்கொரு குறையாகக் கருதி மறைத்துப் பேசுவார் உளர். அஃது அறியாமை. 1876, 1877 ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் வந்துற்றபோது ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்த அறமும் அவர்க்குண்டு. 5-12-1879 இற் சிவபதம் அடைந்தனர். பணிசெய்த ஆண்டுகளினும் பணிவிடுத்தபின் உழைத்த ஆண்டுகள் மும்மடங்கிற்கு மேலாம்.

மறைமலையடிகள் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராய் இருந்தவர். பட்டப் படிப்பிற்குத் தமிழ் கட்டாயமன்று என்று பல்கலைக்கழகம் விதித்தமையால், அக்கல்லூரியினின்று முப்பத்துநான்காம் வயதில் நீங்கினர். சோழிய வேளாளர் மரபினரான அவர் அவ்வாண்டிலேயே பல்லாவரத்திற் குடியேறித் துவராடை புனைந்தனர். மனைவி மக்களோடு இருந்தே துறவு பூண்டமை மரபறிந்தார்க்குப் புதுமையாகத் தோன்றும். பெருங்குடும்பத்தைத் தாங்கியது மாதச் சம்பளமன்று, நூல்விற்பனையும் சொற்பொழிவுமே. ஆதலின் கையிற் பொருள் முட்டுப்பட்ட காலங்கள் உண்டு. நூல் வாங்குதல் நின்றிலது. மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் என்னும் பேராராய்ச்சி 1930 இல் வெளிவந்தது. கல்லூரி நேரத்திற் கட்டுண்டிருந்தார்க்கு அத்துணை நீண்ட ஆராய்ச்சி இயன்றிருக்குமோ என்பது ஐயமே. 15-9-1950 இல் அடிகள் மறைந்தனர். பல்லாவரத்தில் அவர் திரட்டிவைத்திருந்த நூல்கள் பொதுமக்கட்கென விடப்பட்டு, 1958 இற் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையமாகத் திறக்கப்பெற்றன.