செவிமெத்தையும் ஒலியும்: ஹெட்போன் வரலாற்றில் ஒரு பகுதி

கருவி எது, கருவிக்குத் துணையாகிய பொருள் எது என்று பிரித்துரைத்தல் எல்லாவிடத்தும் எளிதன்று. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலிற் கச்சேரிக்கு முன்னர் அப்பப்படும் இரவைப்பசை அத்தோலின் பகுதியன்று; கச்சேரி முடிந்ததும் சுரண்டி நீக்கப்படுவது. ஆயினும் அப்பசை இன்றேல் தொப்பியின் ஆழ்ந்த நாதமும் இல்லை. வலந்தலையில் நிலையாக இடப்பட்டுள்ள கருஞ்சாந்து சுருதிக்கு இயைந்த மேற்சுரங்களைத் தோற்றுவிக்குமாற்றை அறிஞர் சி. வி. இராமன் 1920ஆம் ஆண்டில் விஞ்ஞான முறையில் எடுத்துக்காட்டினார். அப்பப்பட்டதொரு சாந்து நாதத்தின் இயல்பையே மாற்றவல்லது என்பது அவ்வாராய்ச்சியாற் புலனாயிற்று.

தலையில் அணிந்து கேட்கும் ஹெட்போனிற் காதைத் தொடும் வளையமாகிய செவிமெத்தையும் இத்தகையதே. தேய்ந்தால் அதனைக் கழற்றிப் புதியதை மாட்டலாம். தோலாலானதற்குப் பதிலாகத் துணியாலானதைப் பொருத்தலாம். வாங்குவோர் பலரும் அதனைக் காதுக்கு இதந்தரும் சிறு தலையணையாகவே கருதுவர். ஆனால் மெத்தை மாறியவுடன் ஒலியும் மாறுகின்றது. கருவியும் பாட்டும் கேட்கும் செவியும் முன்னிருந்தவையே; எனினும் தாழ்ந்த சுரங்கள் மெலிகின்றன, அல்லது உயர்ந்த சுரங்கள் கூர்மையடைகின்றன. இது யாங்ஙனம் நிகழ்கின்றது என்பதும், இவ்வுண்மையை உலகம் எவ்வாறு படிப்படியாக உணர்ந்தது என்பதும் வரலாற்று முறையில் ஆராயற்பாலன. இஃது இசை விரும்புவோர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. ஒரு பிள்ளையின் செவிப்புலன் குறைவுடையதா என்று தீர்மானிக்கும் சோதனையும் இம்மெத்தையைச் சார்ந்தே நிற்கின்றது.

மெத்தையில்லாக் காலம்

1881ஆம் ஆண்டிற் பாரிசு நகரில் நடைபெற்ற மின்சாரக் கண்காட்சியிற் கிளெமென்ற் அடேர் என்பார் அந்நகரத்து இசைநாடக அரங்கின் பாட்டுக்களைத் தொலைபேசிக் கம்பிகள் வழியே கண்காட்சி மண்டபத்துக்குக் கொணர்ந்தார். கேட்போர் ஒவ்வொரு காதிலும் ஒவ்வொரு தொலைபேசி வாங்கியைக் கையாற் பிடித்துக்கொண்டு நின்றனர். இரு காதுகளுக்கும் வெவ்வேறு கம்பி வழியாக ஒலி வந்தமையால், பாடகர் மேடையில் இடம் மாறுவதையும் அவர்களால் உணர முடிந்தது. எனினும் கையாற் பிடித்த வாங்கி காதோடு ஒரே சீராகப் பொருந்தி நில்லாது. சற்று விலகினும் ஒலி மெலியும். அழுத்திப் பிடிப்பின் மிகும்.

இக்குறையைத் தீர்க்கும் வழியொன்றைப் பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் ஏர்ணெஸ்ற் மெர்க்காடியே கண்டார். 1891இல் அவர் பெற்ற அமெரிக்க ஆக்கவுரிமை, காதின் துளையினுட் பொருந்தும் ஓரிணைச் சிறு வாங்கிகளைப் பற்றியது. அவற்றின் நிறை ஒன்றேமுக்கால் அவுன்சுக்குக் குறைவு. அவற்றின் நுனிக்கு இறப்பர் உறையிடல் வேண்டும் என அவர் கூறினார். காது உராய்ந்து நோவாதிருத்தல் அதன் ஒரு பயன். புறத்து ஓசை உட்புகாதவாறு காதை அடைத்தல் மற்றொன்று. இதத்தையும் ஒலியையும் ஒரே உறுப்பிலே இணைத்து நோக்கிய இக்கருத்துக் குறிப்பிடத்தக்கது. பின்வந்தோர் பலர் இவ்விரண்டில் முன்னையதை மட்டுமே நினைவிற் கொண்டனர்.

1910ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில் நதானியேல் போல்ட்வின் தம் வீட்டுச் சமையலறையிலே செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படை வாங்கத் தொடங்கியது. கம்பியில்லாத் தந்திச் செய்தியைக் கேட்டெழுதுவோர்க்குக் கூருணர்வுடைய கருவி தேவைப்பட்டது. அக்காலக் கருவிகளின் வன்மையான மூடி காதின் மீது நேராக அமர்ந்தது. புள்ளியும் கோடுமாகிய ஓசையை அறிவதற்கு அதுவே போதுமானதாயிருந்தது. இசையை உள்ளவாறு கேட்பிக்கும் நோக்கம் பின்னரே வலுப்பெற்றது. 1937இல் பேர்லின் நகரத்து ஓயிகன் பையர் வெளியிட்ட டி.ரி. 48 என்னும் கருவி, ஒலிபெருக்கியைப் போன்று இயங்குசுருள் கொண்டு அமைந்தது.

அளவைக் கருவியின் உறுப்பாதல்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க வானோடிகள் இரைச்சல் மிக்க விமானங்களிலிருந்து செய்தி கேட்கவேண்டியிருந்தது. அவர்தம் ஹெட்போன்களுக்கு எம்.எக்ஸ். 41 என்னும் குறியீடு பெற்ற மெத்தை பொருத்தப்பட்டது. போரின் பின்னர் இம்மெத்தை எதிர்பாராத பதவியொன்றை அடைந்தது. செவிப்புலனைச் சோதிக்கும் மானிகளில் ரி.டி.எச். 39 என்னும் ஹெட்போன் இம்மெத்தையுடன் சேர்த்து நெடுங்காலம் வழங்கிவந்தது.

அம்மானியை நியமப்படுத்தும் முறை ஈண்டு கவனிக்கத்தக்கது. 6 கனசதமமீற்றர் கனவளவுள்ள உலோகக் குழியொன்றின் மீது ஹெட்போனை மெத்தையுடன் வைத்து, குழியினுள் உண்டாகும் ஒலியமுக்கம் அளக்கப்படும். நற்செவியுடையோர் மட்டுமட்டாகக் கேட்கும் ஒலியளவு ஒவ்வொரு மீடிறனுக்கும் அட்டவணையாக வகுக்கப்பட்டது. செக்கனுக்கு 1,000 அதிர்வுடைய ஒலிக்கு அது 7 தெசிபெல். 125 அதிர்வுடையதற்கு 45 தெசிபெல். இவ்வெண்கள் ஹெட்போனுக்கு மட்டும் உரியனவல்ல. ஹெட்போனும் மெத்தையும் சேர்ந்த இணைக்கே உரியன. மெத்தையை வேறு வகையினதாக மாற்றுவோர் அவ்வட்டவணையை நம்புதல் இயலாது. கருவி மீண்டும் நியமப்படுத்தப்படல் வேண்டும்.

இவ்விதியை மீறின் நேர்வது யாது? மெத்தை சரிவரப் பொருந்தாது இடைவெளி விடுமாயின், தாழ்ந்த மீடிறன் ஒலிகள் கசிந்து போகும். கேட்கும் பிள்ளை அவ்வொலிகளுக்குச் செவிடு எனத் தவறாகக் குறிக்கப்படலாம். மெத்தை காதுமடலை அளவு கடந்து அழுத்துமாயின், செவிக்குழாயின் வாயில் ஒடுங்கிச் சிலரிடத்து உயர்ந்த மீடிறனிற் பொய்யான குறைவு தோன்றும். இரண்டிலும் குறை மெத்தையினுடையது. பழி செவிக்கு வருகின்றது.

ஒலியியல் கூறும் காரணம்

வளியில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்கின்றது. ஆகவே 50 அதிர்வுடைய தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீற்றர். 10,000 அதிர்வுடையதன் அலைநீளம் மூன்றரைச் சதமமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மெத்தையின் செயல் முழுவதும் இவ்வேறுபாட்டிலே தங்கியுள்ளது.

தாழ்ந்த ஒலியின் அலைக்கு முன்னர் ஹெட்போனுக்கும் காதுக்கும் இடைப்பட்ட அறை மிகச் சிறியது. அவ்வறை முற்றாக அடைபட்டிருப்பின், மென்றகடு முன்னும் பின்னும் அசையுந்தோறும் உள்ளிருக்கும் வளி முழுவதும் ஒருங்கே அமுங்கியும் விரிந்தும் செவிப்பறையை இயக்கும். சிறு துவாரம் உண்டாயினும் மென்றகடு மெல்ல அசைகையில் வளி அத்துவாரத்தாற் புறம்போகும், அமுக்கம் உண்டாவதில்லை. விரைவாக அசைகையிலோ வளி வெளியேற அவகாசமின்மையின் அமுக்கம் நிலைக்கும். எனவே கசிவு தாழ்ந்த சுரங்களையே முதலிற் கவர்கின்றது. மூக்குக்கண்ணாடியின் காம்பும், காதின் மேல் விழும் கூந்தலும், தேய்ந்து தட்டையான மெத்தையும் இவ்விழப்பை விளைக்கவல்லன.

உயர்ந்த ஒலியின் நிலை வேறு. அதன் அலைநீளம் அறையின் பரிமாணத்தோடு ஒப்பிடத்தக்கதாகையால், அறையின் ஆழமும் உட்சுவரின் இயல்பும் காதுமடலின் மடிப்புக்களும் கணக்கில் வருகின்றன. மனிதச் செவிக்குழாய் ஏறக்குறைய இரண்டரைச் சதமமீற்றர் நீளமுடையது. ஒரு முனை மூடிய குழாயாதலின் 3,000 அதிர்வை அடுத்த பகுதியில் அது பரிவுறுகின்றது. மெத்தை தடித்தால் மென்றகடு காதினின்று விலகும், மெலிந்தால் நெருங்கும். வழுவழுப்பான தோல் ஒலியைத் தெறிக்கச் செய்யும். வெல்வெற்றுத் துணியும் துளையிட்ட தோலும் அதனை ஓரளவு உறிஞ்சும், ஓரளவு புறத்தே கசியவிடும். இக்காரணத்தால் 5,000க்கு மேற்பட்ட மீடிறன்களில் மெத்தை மாற்றத்தின் விளைவை முன்கூட்டியே உரைத்தல் கடினம்.

மூடியவையும் திறந்தவையும்

கசிவை முற்றாக ஒழிக்கும் முயற்சியிற் கனடா நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தினர் முன்னின்றனர். ஷோ, தீசன் என்னும் இருவர் இரைச்சலினின்று காதைக் காக்கும் கவசங்களுக்கென வகுத்த மெத்தையைப் பற்றி 1958இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அம்மெத்தையினுள்ளே திரவம் நிரப்பப்பட்டிருந்தது. நுரை தன் வடிவத்தைக் காக்க முயல்வது. திரவமோ தலையின் மேடுபள்ளங்களுக்கேற்பத் தானே பரவுவது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் ஜோன் கொஸ் என்பார், இசை கேட்போர்க்கென இருவழியொலி ஹெட்போனை அறிமுகஞ் செய்தார். திரவ மெத்தையும் பின்னர் அவர் நிறுவனத்தின் கருவிகளில் இடம்பெற்றது.

ஜேர்மனி நாட்டுச் சென்ஹைசர் நிறுவனம் 1968இல் இதற்கு நேரெதிரான வழியிற் சென்றது. அது வெளியிட்ட எச்.டி. 414 என்னும் கருவியின் பின்புறம் திறந்திருந்தது. காதைத் தொட்டதோ வளியை எளிதிற் செல்லவிடும் நுரைத்தகடு. கசிவைப் பகையாகக் கருதாது, அதனை முன்னரே கணக்கிட்டு அதற்கேற்பக் கருவியை வகுத்தமையே இதன் புதுமை. ஒரு கோடிக்கு மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின. 1979இல் யப்பானின் சொனி நிறுவனம் வோக்மன் என்னும் கையடக்கக் கருவியுடன் வழங்கிய எடைகுறைந்த ஹெட்போனும் நுரைத்தகடே பூண்டது.

கேட்போர் செய்த மாற்றங்கள்

செவிமெத்தை பெரும்பாலும் பொலியூரத்தேன் பூசிய செயற்கைத் தோலால் ஆனது. இப்பொருள் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் சிதைவுறுவது. ஆதலின் இலங்கையைப் போன்ற வெப்பநாடுகளில் மெத்தை கரிய செதில்களாக உதிர்தலைப் பலரும் கண்டிருப்பர். கருவியோ பழுதின்றி இருக்கும். மாற்று மெத்தை வாங்கும் வழக்கம் இவ்வாறு தேவையினின்றே பிறந்தது. மாற்றியோர் ஒலியின் வேறுபாட்டைக் கேட்டனர். பின்னர் அவ்வேறுபாட்டையே நாடி மாற்றத் தலைப்பட்டனர்.

1991இல் வெளிவந்து ஒலிப்பதிவுக் கூடங்களிற் பெரிதும் வழங்கும் சொனி எம்.டி.ஆர். 7506 கருவிக்குப் பிறிதொரு நிறுவனத்தின் வெல்வெற்று மெத்தையைப் பூட்டினோர் பலர். அமெரிக்காவின் கிறாடோ நிறுவனத்துக் கருவிகளுக்குத் தட்டையான நுரையும் கிண்ணம் போன்ற நுரையும் உள. பின்னையது மென்றகட்டைக் காதினின்று அகற்றி அமைப்பது. சென்ஹைசரின் மஞ்சள் நுரையை நடுவில் வட்டமாக வெட்டிக் கிறாடோவிற்கு அணிவித்தோரும் உளர். யப்பானின் பொஸ்ரெக்ஸ் ரி.50 ஆர்.பி. என்னும் கருவி மாற்றஞ் செய்வோர்க்குப் பயிற்சிக்களமாகவே விளங்கியது. அதன் கிண்ணத்தினுட் பஞ்சு அடைத்தனர். அதிரும் சுவரிற் களிமண் போன்ற பசையை ஒட்டினர். காற்றுத் துவாரங்களை அடைத்தனர். தடித்த மெத்தை பூட்டினர். பஞ்சு உட்தெறிப்பை அடக்கும். பசை சுவரின் அதிர்வைத் தணிக்கும். துவாரத்தை அடைத்தல் தாழ்ந்த சுரங்களின் அளவை மாற்றும். இவற்றுள் ஒன்றும் மந்திரமன்று.

செய்தோரும் இவ்வுண்மையை ஏற்றனர் என்பதற்குச் சான்று உண்டு. 2016இல் வெளிவந்த பையர்டைனமிக் டி.ரி. 1990 கருவியுடன் இருவகை மெத்தைகள் வழங்கப்பட்டன. ஒன்று தாழ்ந்த சுரங்களை நிறைவாகத் தருவது. மற்றொன்று அவற்றைக் குறைத்து நுண்மையை ஆராய உதவுவது. ஒரே கருவிக்கு இரு குரல்கள் என்பதை ஆக்கியோரே ஒப்புக்கொண்டனர்.

அளந்தறிதலும் நன்மை தீமையும்

எனினும் மாற்றம் யாவும் திருத்தமாகா. ஒரு மெத்தையைக் கழற்றி மற்றொன்றை மாட்டுவதற்குள் முன்னர்க் கேட்ட ஒலியின் நினைவு மங்கிவிடுகின்றது. சிறிது உரத்து ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றுவதும் மனித இயல்பு. ஆகவே 1972இல் அமைக்கப்பட்ட கெமார் என்னும் செயற்கை மனிதவுருவும், அதன்பின் நியமமாகிய செயற்கைச் செவியும் இத்துறையில் நடுவர்களாயின. ஹெட்போனின் ஒலி எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதை 1986இல் கியுந்தர் தைலெ ஆராய்ந்தார். 2013இல் ஷோன் ஒலிவும் அவருடன் பணியாற்றியோரும், நல்ல அறையில் வைத்த நல்ல ஒலிபெருக்கியை ஒத்த ஒலியையே கேட்போர் பெரிதும் விரும்புவர் எனச் சோதனையாற் காட்டினர். இத்தகைய இலக்கு ஒன்று இருந்தாலன்றி, மாற்றம் நன்றோ தீதோ என்று கூறுதற்கு அளவுகோல் இல்லை. கணினியின் துணைகொண்டு மீடிறன்களைச் சமன்செய்தல் மற்றொரு வழியாகும். ஆயினும் அணியுந்தோறும் மாறும் கசிவை அதனாற் போக்கவியலாது. வெளியிரைச்சலை மின்முறையால் அழிக்கும் கருவிகளிலே மெத்தையை மாற்றுவோர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அவற்றின் ஒலிவாங்கி, குறித்ததொரு மெத்தையுள் அடைபட்ட வளிக்கே இசைவிக்கப்பட்டுள்ளது.

செவியின் நலமும் இதனோடு தொடர்புடையது. நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 தெசிபெல் என்பதை இரைச்சலின் எல்லையாக அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் விதந்துரைத்துள்ளது. 3 தெசிபெல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகும். தேய்ந்த மெத்தை தாழ்ந்த சுரங்களைக் கசியவிட்டுப் புறத்து இரைச்சலை உட்புகவிடும். கேட்பவர் அக்குறையை ஈடுசெய்ய ஒலியை உயர்த்துவர். அதனுடன் செவிக்கு ஊறு செய்யும் ஏனைய ஒலிகளும் உயரும். பாதுகாப்பற்ற முறையிற் கேட்பதால் நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர் செவிப்புலனை இழக்கும் அபாயத்துள்ளனர் என உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது. பலர் மாறிமாறி அணியும் பாடசாலை மொழிக்கூடத்து ஹெட்போன்களும் இந்நோக்கிற் கவனிக்கத்தக்கன. மெத்தை தேய்ந்த கருவியை அணிந்த மாணவன் சொல்லைச் சரியாகக் கேளாதிருப்பின், அது அவன் அறிவின் குறையாகாது.

மெர்க்காடியேயின் இறப்பர் உறை தொடங்கி இற்றைநாள் மாற்று மெத்தை வரை, நூற்றுமுப்பது ஆண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாறு தெளிவுறுத்துவது ஒன்றே. ஹெட்போனின் ஒலி மென்றகட்டில் மட்டும் பிறப்பதன்று. மென்றகடு, மெத்தை, அடைபட்ட வளி, அணிவோர் செவி ஆகிய நான்கும் கூடிய இடத்தே பிறப்பது. அவற்றுள் மலிவானதும் விரைவிற் தேய்வதும் மெத்தையே. கருவியைக் குறை கூறுமுன்னும், கேட்பவரைக் குறை கூறுமுன்னும் அதனை நோக்குதல் அறிவுடைமையாகும்.