பிள்ளைகளின் சைலபோன் எங்கிருந்து வந்தது?

முதலில ஒரு சின்ன விளையாட்டு. "யாழ்ப்பாணம்" எண்டு சொல்லிக்கொண்டு, சொல்லின்ர ஓட்டத்துக்கு ஏற்ற மாதிரிக் கையைத் தட்டிப் பாருங்கோ. பிறகு "திருகோணமலை". முதல் ரெண்டு தட்டும் ஓடி வரும், "கோ"வில கை கொஞ்சம் நிண்டு போகும். இப்ப ஒராள் யாழ்ப்பாணத்தைத் தட்டிக்கொண்டே இருக்க, மற்ற ஆள் திருகோணமலையைத் தட்டட்டும். ஒரு சுரமும் படிக்காமலே ரெண்டு பேரும் வாசிக்கத் தொடங்கியிட்டீங்கள்.

பெயரைத் தட்டுவது, தொடையில் அடிப்பது, காலால் உதைப்பது, விரலைச் சொடுக்குவது என்று இசையின் அடிப்படைகளைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த வழி இன்று உலகெங்கும் ஓர்ஃப் முறை என்று அறியப்படுகிறது. பிள்ளை எழுத்துப் படிக்க முன்னம் கதைக்கப் பழகுகிறது. அது மாதிரி, சுரக்குறிப்புப் படிக்க முன்னம் இசையோடு விளையாடட்டும் என்பதுதான் இதன் சாரம். கேட்க மிகவும் அப்பாவித்தனமான விசயம். ஆனால் இதன் வரலாற்றைத் தேடி வாசித்தபோது நாங்கள் போய் நின்ற இடங்களில் ஒன்று, 1936ஆம் ஆண்டின் பெர்லின் விளையாட்டரங்கு.

கதை தொடங்குவது ஜேர்மனியின் மியூனிக் நகரில். 1924இல் டொரோதே குந்தர் என்ற பெண்ணும், இருபத்தொன்பது வயதான இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபும் சேர்ந்து குந்தர் பள்ளியை ஆரம்பிக்கிறார்கள். அது பிள்ளைகளுக்கான பள்ளி அல்ல. இளம்பெண்களுக்கு உடற்பயிற்சி, நடனம், இசை மூன்றையும் ஒன்றாகக் கற்பித்த இடம். நடனமாடுபவரே வாசிக்கவும் வேணும், வாசிப்பவரே ஆடவும் வேணும் எண்டதுதான் ஓர்ஃபின் எண்ணம். அதற்குப் பியானோ தோதாக இல்லை. பெர்லினில் வாத்தியங்களின் வரலாற்றை ஆராய்ந்த குர்ட் சாக்ஸ் அவருக்கு ஆலோசனை சொன்னார். ஆபிரிக்க, இந்தோனேசிய வாத்தியங்களைப் பார்த்து, மியூனிக்கில் வாத்தியம் செய்கிற கார்ல் மெண்ட்லர் மரக்கட்டைச் சைலபோன்களைச் செய்து கொடுத்தார். இன்று முன்பள்ளிகளில் காணும் சின்னச் சைலபோனின் மூதாதை இதுதான்.

1926இல் அந்தப் பள்ளிக்கு மாணவியாக வந்தவர் குனில்ட் கெட்மன். பிறகு அங்கேயே ஆசிரியையானார். அந்த வாத்தியங்களில் எப்படி வாசிப்பது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நடைமுறையில் கண்டுபிடித்தவர் பெரும்பாலும் அவர்தான். முறையின் பெயரில் மட்டும் ஓர்ஃப் இருக்கிறார்.

1930களின் தொடக்கத்தில் இந்தப் பாடங்கள் அச்சில் வரத் தொடங்கின. பிரஷ்ய கல்வி அமைச்சில் இசைக்குப் பொறுப்பாக இருந்த லியோ கெஸ்டன்பேர்க், இதைப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோக ஆர்வம் காட்டினார். ஆனால் கெஸ்டன்பேர்க் யூதர், சோசலிஸ்ட். 1932இல் பதவி போனது, அடுத்த வருடம் நாட்டை விட்டே ஓட வேண்டி வந்தது. குர்ட் சாக்ஸும் யூதர். 1933இல் அவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். முறை உருவாகத் துணை நின்றவர்கள் ஒவ்வொருவராக விரட்டப்பட, முறை மட்டும் அங்கேயே இருந்தது.

1936 ஓகஸ்ட் முதலாம் திகதி. பெர்லின் ஒலிம்பிக்கின் முதல் நாள் இரவு, பிரமாண்டமான ஒரு விழா. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மைதானத்துக்குள் வந்து ஆடுகிறார்கள். நடனத்தை அமைத்தவர் குந்தர், இசை ஓர்ஃபும் கெட்மனும். அதே சைலபோன், அதே எளிய மெட்டு, அதே திரும்பத் திரும்ப வரும் தாளம். நாசி அரசு தன்னை உலகத்துக்கு அழகாகக் காட்ட ஏற்பாடு செய்த நிகழ்ச்சி அது.

ஓர்ஃப் நாசிக் கட்சி உறுப்பினர் இல்லை. ஆனால் எதிர்த்து நின்றவரும் இல்லை. யூதக் குடும்பத்தில் பிறந்த மென்டல்சோன், ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றுக்கு எழுதிய இசையை நாசிகள் ஒதுக்கியபோது, அதே நாடகத்துக்கு மாற்று இசை எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். பிழைக்க வேறு வழியில்லை என்று சொல்லலாம். ஆனால் வேறு வழி இல்லாமல் நாட்டை விட்டுப் போனவர்களும் அதே கதையில் இருக்கினம் எண்டதை மறந்திட்டுச் சொல்லேலாது.

1944இல் நாசி அதிகாரம் குந்தர் பள்ளியை மூடிக் கட்டடத்தைப் பறித்தது. 1945இன் தொடக்கத்தில் குண்டுவீச்சில் கட்டடமும் பெரும்பாலான வாத்தியங்களும் எரிந்தன. கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் 1948இல் பவேரிய வானொலியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. குந்தர் பள்ளிக் காலத்து இசைத்தட்டு ஒன்றைக் கேட்டவர்கள், பிள்ளைகள் தாங்களே வாசிக்கக்கூடிய மாதிரி இப்படி ஒன்று செய்யலாமா என்று கேட்டார்கள். பிள்ளைகளோடு இருந்து வேலை செய்தவர் கெட்மன். எஞ்சியிருந்த கொஞ்ச வாத்தியங்களோடு, இடிந்து கிடந்த ஒரு நாட்டில், அந்த வருடம் செப்டெம்பரில் முதல் நிகழ்ச்சி ஒலிபரப்பானது.

இங்கேதான் முறை உண்மையில் பிள்ளைகளுடையதாகியது. குயில் கூவுகிற மாதிரி இறங்கி வரும் இரண்டு சுரங்களில் தொடக்கம். பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டி ஐந்து சுரம். சைலபோனின் கட்டைகளைக் கழற்றிப் பூட்டலாம். "ம", "நி" இரண்டையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ச ரி க ப த. எங்களுக்குப் பழக்கமான மோகனத்தின் சுரங்கள்! அரைச்சுர உரசல் இல்லாததால பிள்ளை எந்தக் கட்டையில தட்டினாலும் பிழையாக் கேக்காது. பிழை விடுற பயம் போனால் பிள்ளை தானே மெட்டுக் கட்டத் தொடங்கும். வானொலியும் அதைத்தான் செய்தது. ஒரு பாட்டின் வரிகளைக் கொடுத்து, மெட்டை நீங்களே போட்டு அனுப்புங்கள் என்று கேட்டது. பரிசு, வாத்தியம்.

அந்த வாத்தியங்களுக்குக் கேள்வி கூட, 1949இல் கிளவுஸ் பெக்கர் என்பவர் ஸ்டூடியோ 49 என்ற பட்டறையைத் தொடங்கினார். 1950 முதல் 1954 வரை ஓர்ஃப், கெட்மன் இருவரின் பெயரிலும் பிள்ளைகளுக்கான இசை ஐந்து தொகுதிகளாக வந்தது. 1961இல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒஸ்ரியாவின் சால்ஸ்பேர்க்கில் ஒரு நிறுவகமும் உருவானது.

1936க்கும் 1948க்கும் இடையில் பன்னிரண்டு வருடம்தான். வாத்தியம் மாறவில்லை, ஆட்களும் பெரிதாக மாறவில்லை. மைதானத்தில் பிள்ளைகள் பெரியவர்கள் முடிவு செய்த அசைவை, பெரியவர்கள் பார்ப்பதற்காகச் செய்தார்கள். வானொலிக்கு முன்னால் இருந்த பிள்ளையிடம், உன்ர மெட்டு என்ன எண்டு கேக்கப்பட்டது.

இசையை விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பது நல்லது, அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் விளையாட்டு எண்ட பேர் மட்டும் போதாது. பிரதம விருந்தினர் வரும்வரை வெயிலுக்குள்ள நிரையா நிண்டு, பழக்கின ஆட்டத்தைப் பிழையில்லாமல் ஆடி முடிச்ச பிள்ளைகளை நாங்களும் கண்டிருக்கிறம். எங்களில் சிலர் அந்த நிரையில நிண்டும் இருக்கிறம். அண்டைக்கு எங்களிட்ட ஒருத்தரும் மெட்டுக் கேக்கேல்லை. இனி ஒரு பிள்ளையின்ர கையில தடியைக் குடுத்து, சைலபோனுக்கு முன்னால இருத்தேக்க, ஒருக்கா சும்மா இருந்து கேட்டுப் பார்ப்பம்.