வாத்துக் குஞ்சைக் காத்த தடுப்பூசி



நேற்று வரை தண்ணீரில் துள்ளிய வாத்துக் குஞ்சு, இன்று கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, பச்சையாகக் கழிந்து, தலை நடுங்கி, மல்லாந்து காலை உதைத்துச் சாகிறது. இதற்குப் பல நோய்கள் காரணமாகலாம். அவற்றில் ஒன்றை அடக்கிய வரலாற்றை இன்று பார்ப்போம்.

அமெரிக்காவில் நியூயார்க்கை ஒட்டி லாங் ஐலண்ட் என்று ஒரு தீவு. 1873-இல் சீனாவிலிருந்து அமெரிக்கா போன வெள்ளைப் பீக்கிங் வாத்து, பிறகு அந்தத் தீவில் பெரிய பண்ணைத் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் அடைத்தால் நோய் சும்மா இருக்குமா? 1932-இல் அங்கே பரவிய நோயை ஹெண்ட்ரிக்சன், ஹில்பர்ட் என்ற இருவர் ஆராய்ந்து, கிருமியையும் கண்டுபிடித்தார்கள். 'புதிய வாத்து நோய்' என்று அதற்குப் பேர் வந்தது. ஆனால் 1904-லேயே ரீமர் என்பவர் கூஸ் என்னும் பெரிய வாத்தினத்தில் இதைப் பார்த்திருந்தார். அவர் நினைவாகத்தான் 1993-இல் கிருமிக்கு ரீமெரெல்லா என்று பெயர் வைத்தார்கள்.

வீரியம் குறைந்த கிருமியைக் கொடுத்தால் உடம்பு எதிர்ப்புச் சக்தி பெறும் என்பதைக் கோழிக் காலராவில் லூயி பாஸ்டர் 1880-லேயே காட்டிவிட்டார். அப்படியானால் இந்த நோய்க்கும் சுலபமாகத் தடுப்பூசி போடலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். இந்தக் கிருமியில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகையைத் தடுக்காது. ஒரு பூட்டுச் சாவி மற்ற பூட்டைத் திறக்காத மாதிரிதான்.

லாங் ஐலண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வாத்து ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கே அதிகச் சேதம் செய்த 1, 2, 5 ஆகிய வகைகளைக் கொண்டு தடுப்பு மருந்து செய்தார்கள். முதலில் வந்தது கொன்ற கிருமி ஊசி. இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் குஞ்சைப் பிடித்துப் போட வேண்டும். பிறகு உயிருள்ள, வீரியம் குறைந்த மருந்து வந்தது. ஒரு நாள் குஞ்சுக்குத் தெளித்தோ குடிநீரில் கலந்தோ கொடுத்தால் போதும்.

இதிலிருந்து நமக்கு என்ன பாடம்? குஞ்சு செத்தால் கண்ட மருந்தை வாங்கி ஊற்றாதீங்க. செத்த குஞ்சை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டி, என்ன நோய், என்ன வகை என்று தெரிந்துகொள்ளுங்க. அதற்குப் பொருந்தும் ஊசி கிடைக்குமா என்று கேளுங்க. ஊசி போட்டாலும் நெரிசல் கூடாது. கொட்டகைத் தரை ஈரமில்லாமலும், காலைக் கீறாமலும் இருக்கணும். கால் காயம் வழியாகவும் இந்தக் கிருமி உள்ளே போகும்.

நோயை அறிந்து போட்ட ஊசிதான் குஞ்சைக் காக்கும்.