குழந்தைகளுக்காக வாதாடிய கோகலே

குழந்தைகளுக்கு வாக்குரிமை இல்லை. மனுக் கொடுக்கவும் ஊர்வலம் நடத்தவும் அவர்கள் அறியார்கள். அவர்களுக்காக வாதாடுவதால் அரசியல்வாதிக்குக் கிடைக்கும் ஆதாயம் ஏதுமில்லை. அவ்வாறு வாதாடித் தோற்ற பெரியார் ஒருவரை, நாம் உத்தியோகம் பற்றி வந்து குடியேறிய இப்பூனா நகரம் பாரதத்துக்கு அளித்தது. அவரே கோபால கிருஷ்ண கோகலே.

1866ல் இரத்தினகிரி ஜில்லாவின் குக்கிராமமொன்றில் எளிய குடும்பத்திலே பிறந்த அவர், தமையனாரின் தயவால் கல்வி கற்று, 1884ல் பட்டம் பெற்றார். பெர்குஸன் கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். பூனா நகரசபைக்குத் தலைமை வகித்தார். பம்பாய் சட்டசபையிலும், 1902 முதல் வைஸ்ராயின் சட்டசபையிலும் அங்கம் வகித்தார். ஏழைச் சிறுவன் படிப்பதற்குப் பிறர் கை வேண்டும் என்பதை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை.

1910 மார்ச்சில் இலவசக் கட்டாய ஆரம்பக் கல்வி பற்றிய தீர்மானத்தையும், 1911 மார்ச் 16ந் தேதி அதற்கான மசோதாவையும் அவர் கொண்டுவந்தார். மசோதா கேட்டது சொற்பமே. 6 முதல் 10 வயது வரையுள்ள சிறுவர்களைப் பள்ளிக்கு அனுப்புவது கட்டாயமாகும். பெண் குழந்தைகளுக்குப் பின்னர் விஸ்தரிக்கலாம். விரும்பும் நகரசபைகளும் ஜில்லா போர்டுகளும் சர்க்கார் அனுமதியுடன் இதனை அமல் செய்யலாம். மாத வருமானம் 10 ரூபாய்க்குக் குறைந்த பெற்றோரிடம் சம்பளம் வாங்கலாகாது. செலவில் மூன்றில் இரு பங்கைச் சர்க்கார் ஏற்க வேண்டும்.

பரோடா மகாராஜா சயாஜிராவ் அமரேலி தாலுக்காவில் 1893லேயே தொடங்கி, 1906ல் சமஸ்தானம் முழுவதற்கும் விரிவாக்கிய ஏற்பாடுதான் இது. ஆயினும், ஜனங்கள் இதனைக் கோரவில்லை என்றும், பணமில்லை என்றும் அதிகார வர்க்கம் மறுத்தது. 1912 மார்ச் 19ந் தேதி 13க்கு எதிராக 38 வாக்குகளால் மசோதா வீழ்ந்தது. தோல்வி நிச்சயமென வாக்கெடுப்புக்கு முன்பே சபையில் கூறிய கோகலே, அதற்காக மனம் சோரப் போவதில்லை என்றும் உரைத்தார். 1915ல், 49 வயது நிறையுமுன்னரே மறைந்தார். அவர் இந்நகரில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையை ஏற்றவர், நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார்.

விதைத்தவர் மறைந்தாலும் விதை அழியவில்லை. விட்டல்பாய் படேலின் முயற்சியால் 1918ல் பம்பாய் மாகாண நகரசபைகளுக்குக் கட்டாயக் கல்விச் சட்டம் பிறந்தது. 1950ல் அரசியல் சாசனம் பத்தாண்டுத் தவணை குறித்தது; தவணை தவறிற்று. 2002ல் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. 2009ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் அமலான சட்டம், 6 முதல் 14 வயது வரை ஆண் பெண் இருபாலாருக்கும் அவ்வுரிமையை வழங்கிற்று. கோகலேயின் மசோதாவுக்கும் இச்சட்டத்துக்கும் இடையே 98 ஆண்டுகள்!

சட்டம் வந்துவிட்டதென்று நாம் வாளாவிருத்தல் தகாது. கூலி வேலைக்காக ஆண்டின் நடுவில் இங்கு வந்து சேரும் நம்மவர் குழந்தைகள், பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றும், பருவம் கடந்ததென்றும் அஞ்சி வீட்டிலேயே நின்றுவிடுகின்றனர். அவ்விரு காரணங்களாலும் எக்குழந்தையையும் திருப்பி அனுப்பலாகாது என்பதே சட்டம். அதனை அப்பெற்றோர்க்கு எடுத்துரைத்து, குழந்தையைப் பள்ளி வாயில் வரை அழைத்துச் செல்வது மொழியறிந்த நம் கடமை. கோகலே வாழ்ந்த ஊரில் வாழும் நாம் அவருக்குச் செலுத்தத்தக்க அஞ்சலி இதுவேயாம்.