படுவான்கரையும் சேமித்த பகலும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேல்கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஞாயிறு எழும் திசையும் படும் திசையுமே இப்பெயர்களுக்கு அடிப்படையாயின. ஞாயிற்றைக் கொண்டு நிலத்தைப் பகுத்த மக்கள், அதன் ஒளியை இரவுக்கெனச் சேமிக்கும் வழியை எவ்வாறு பெற்றனர் என்பதும், அவ்வழி எங்கே தடுமாறியது என்பதும் ஆராயற்பாலன.

சேமிப்புக்கலம் சூரியக் கலத்திலும் மூத்தது. பிரான்சு நாட்டவரான காஸ்தோன் பிளான்தே 1859 இல் மீள மின்னேற்றத்தக்க ஈய அமிலக் கலத்தை ஆக்கினார். 1881 இல் கமில் ஃபோர், தட்டுகளில் ஈயவொட்சைட்டுப் பசையைப் பூசி அதன் கொள்ளளவைப் பெருக்கினார். நடைமுறைக்கு உதவும் சிலிக்கன் சூரியக் கலமோ 1954 இலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலிருந்து வெளிவந்தது. எனவே சூரிய மின்சாரம் கிராமத்துக்கு வந்தபோது, அது ஒரு நூற்றாண்டுப் பழமையுடைய கலத்தின் துணையுடனேயே வந்தது.

இலங்கையின் கம்பி எட்டாத ஊர்களில் பற்றரி சூரியத் தகட்டுக்கு முன்னரே அறிமுகமாகியிருந்தது. குப்பிவிளக்கில் படித்த வீடுகள் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் மோட்டார் வாகனப் பற்றரியைப் பயன்படுத்தின. அது வற்றியதும் மிதிவண்டியில் கட்டிச் சென்று பட்டினத்துக் கடையில் மின்னேற்றி வரவேண்டியிருந்தது. வாவியைப் 'பாதை' எனப்படும் மிதவையிலோ தோணியிலோ கடக்கவேண்டிய படுவான்கரை ஊர்களுக்கு இச்சுமை இரட்டித்தது. போர்க்காலத்தில், 2007 வரை, அக்கரையின் பெரும்பகுதி அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. அங்கு சென்ற பொருள்கள் சோதனைச் சாவடிகளில் கட்டுப்படுத்தப்பட்டன. ஒளி அங்கே வசதியாக மட்டுமன்றி அரசியலாகவும் இருந்தது.

1997 இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய சக்திச் சேவை வழங்கல் திட்டமும், 2002 இல் அதனைத் தொடர்ந்த திட்டமும் இலங்கைக் கிராமங்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுச் சூரியத் தொகுதிகள் பொருத்தப்பட வழிசெய்தன. சிறுகடனில் வாங்கப்பட்ட இத்தொகுதிகளில் தகடு இருபது ஆண்டுகள் உழைக்கக்கூடியது. பற்றரியோ சில ஆண்டுகளிலேயே மாற்றப்படவேண்டியது. வாகனப் பற்றரியின் மெல்லிய தட்டுகள், இயந்திரத்தை ஓரிரு விநாடி உசுப்புவதற்கென அமைந்தவை. நாள்தோறும் அடிவரை வற்றவிட்டால் ஈயச் சல்பேற்றுப் பளிங்குகள் தட்டுகளில் இறுகிக் கலம் மாண்டுவிடும். ஆகவே தொகுதியின் ஆயுளைத் தகட்டைவிடப் பற்றரியே தீர்மானிக்கின்றது.

இவ்விடத்தில் மட்டக்களப்பின் பருவநிலை நோக்கத்தக்கது. மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு நவம்பர் முதல் ஜனவரி வரை பெரிதும் பெய்கின்றது. மின்கம்பங்களையும் தென்னந்தோப்புகளையும் சாய்த்த சூறாவளி 1978 நவம்பர் 23 இல் வந்தது. ஆழிப்பேரலை 2004 டிசம்பர் 26 இல் வந்தது. ஞாயிறு மங்கும் காலமும் மின்சாரம் அறுந்த காலமும் ஒன்றாயிருந்தமை தற்செயலாகலாம். ஆயினும் சராசரி நாளை அளவாகக் கொண்டு அமைக்கப்படும் கல அடுக்கு, தேவை மிகும் நாளிலேயே கைவிடும் என்பது அதனாற் பெறப்படும்.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். எட்டு உவாற்று விளக்குகள் நான்கு ஐந்து மணிநேரமும், நாற்பது உவாற்று விசிறியொன்று எட்டு மணிநேரமும் இயங்க 480 உவாற்று மணி வேண்டும். வானொலியையும் கைத்தொலைபேசியையும் சேர்த்து 500 எனக் கொள்வோம். ஞாயிறற்ற மூன்று நாளைக்கு 1500. ஈய அமிலக் கலத்தைப் பாதிக்கு மேல் வற்றவிடலாகாது, ஆகவே 3000. இதனை 12 வோல்ற்றால் வகுக்க 250 அம்பியர் மணி வரும். இழப்புக்கும் முதுமைக்கும் ஈடாக 300 எனக் கொள்ளல் தகும். பழையதும் புதியதுமான பல பற்றரிகளைப் பக்கம் பக்கமாகப் பிணைப்பதிலும், 300 அம்பியர் மணியுடைய 2 வோல்ற்றுக் கலங்கள் ஆறினைத் தொடராக இணைப்பதே நம்பத்தக்கது. வலுவற்ற கலம் தன் அயற்கலங்களையும் வீழ்த்தும். வெப்பம் கலத்தின் ஆயுளைக் குறைப்பதாதலால் அடுக்கு நிழலும் காற்றோட்டமும் உடைய இடத்தில் இருத்தல் வேண்டும். இன்று பரவிவரும் இலிதியம் இரும்புப் பொசுபேற்றுக் கலத்தை எண்பது விழுக்காடு வரை வற்றவிடலாம்; அதனால் அடுக்குச் சிறுக்கும், எனினும் முதற்செலவு மிகும்.

கம்பிவழி மின்சாரம் இன்று இலங்கையின் ஏறத்தாழ எல்லா வீடுகளையும் எட்டியுள்ளது. அதனால் சேமிப்பு தேவையற்றதாகிவிட்டதா? 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, பற்றரியற்ற கூரைத் தகடுகள் பட்டப்பகலிலும் பயனற்றிருந்தன. கம்பியில் மின்சாரம் அறுந்தால் அவை பாதுகாப்புக் கருதித் தாமே நின்றுவிடும் இயல்பின. உற்பத்தியைப் பெருக்கிச் சேமிப்பை மறந்ததன் பயன் இதுவாகும்.

நெற்களஞ்சியத்தை அறுவடைநாளை எண்ணி எவரும் கட்டுவதில்லை. பஞ்சநாளை எண்ணியே கட்டுவர். மின்கல அடுக்குக்கும் அதுவே விதி. தகட்டுக்குக் கடன் வழங்கும் திட்டம், கலத்தை மாற்றுவதற்கும் வழிசெய்தல் வேண்டும். இன்றேல் கடன் தீருமுன் விளக்கு அணையும், அச்சுமை வறியவர் தலையிலேயே விழும். ஞாயிறு படும் கரைக்கு வேண்டியது மிகுதியான பகலன்று, பகலைப் பேணும் ஏற்பாடே என்பது இவ்வரலாற்றால் துணியப்படும்.