டீசல் முள் காட்டுவது சரிதானா? சிறிய டீசல் கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

சாத்தூரில் ஒரு ஜனாஸாவுக்காக விருதுநகரிலிருந்து இரவில் குடும்பத்தோடு காரில் புறப்பட்டோம். டீசல் முள் கால் டேங்க் காட்டியது. ஆர்.ஆர்.நகரைத் தாண்டியதும் வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. டேங்க் காலி. நான்குவழிச் சாலையோரம், லாரிகள் உரசிக்கொண்டு போக, பெண்களும் பிள்ளைகளும் நிற்க வேண்டியதாயிற்று. கேனில் டீசல் வாங்கி வந்து ஊற்றியும் இன்ஜின் எடுக்கவில்லை. முள் சரியில்லை என்பது நமக்கு முன்பே தெரியும்; “பிறகு பார்க்கலாம்” என்று விட்டது நம் தவறு.

நம் தெருக்களில் ஓடும் சிறிய டீசல் கார்கள் பெரும்பாலும் பழையவை. 1998இல் வந்த டாடா இண்டிகாவில் இருந்தது 1405 சிசி இன்ஜின். பின்னாளில் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல வண்டிகளில் ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட் இன்ஜின் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது மாருதி டீசல் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆக, இன்று நம் கையில் இருப்பது இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டி. முள் பழுதாவது இவற்றில் அதிசயமல்ல.

டேங்கினுள் ஒரு மிதவை இருக்கிறது. டீசல் ஏற இறங்க அதுவும் ஏறி இறங்கும். அதன் கம்பி ஒரு மின்தடைத் தகட்டில் உரசிச் செல்ல, அந்த மாற்றத்தைத்தான் முள் காட்டுகிறது. தகடு தேய்ந்தால் முள் துள்ளும். மிதவை சிக்கிக்கொண்டால் ஒரே இடத்தில் நிற்கும். வளைவில் கொஞ்சம் ஆடுவது இயல்புதான். டீசல் முள்ளோடு டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து கோளாறு செய்தால் டேங்கைத் தொட வேண்டாம். முதலில் ஃப்யூஸையும் எர்த் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களில் பின்சீட்டைத் தூக்கினாலே மிதவைப் பகுதி கிடைக்கும். மிதவையைக் கையால் மெதுவாக உயர்த்தி மல்டிமீட்டரில் பார்த்தால் அளவு சீராக மாற வேண்டும்; நடுவில் விட்டுவிட்டுப் போனால் அதை மாற்றிவிட வேண்டியதுதான்.

அதுவரை ட்ரிப் மீட்டரை நம்புங்கள். பங்கில் டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை நிரப்ப 20 லிட்டர் பிடித்து, ஓடியது 340 கி.மீ. என்றால் லிட்டருக்கு 17. டேங்க் 40 லிட்டர் என்றாலும் 450 கி.மீ.க்குள் மறுபடி நிரப்பிவிடுங்கள்.

பெட்ரோல் வண்டி காலியானால் ஊற்றி ஓட்டிவிடலாம். டீசலில் பைப்பில் ஏர் பிடித்துக்கொள்ளும். குறைந்தது 5 லிட்டர் ஊற்றி, ஹேண்ட் பிரைமர் உள்ள வண்டியில் அது இறுகும்வரை அழுத்த வேண்டும். பிறகு 10 விநாடி செல்ஃப் அடித்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி முயல வேண்டும். விடாமல் அடித்தால் பேட்டரியும் போகும், செல்ஃப் மோட்டாரும் போகும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. மல்டிஜெட் போன்ற இன்ஜின்களில் ஹைபிரஷர் பம்புக்கு டீசலே எண்ணெய். அது வறண்டு ஓடினால் உலோகத் துகள் உதிர்ந்து இன்ஜெக்டர்வரை போய்விடும்.

பழைய வண்டிகளில் செய்ததுபோல இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்க மட்டும் இவற்றில் முயலாதீர்கள். உள்ளே அழுத்தம் 1000 பாருக்கும் மேல் போகும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வலி குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனை போக வேண்டிய காயம் அது.

வண்டி நின்றால் டீசல் தீர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஓடிக்கொண்டே பிக்கப் குறைந்து, பாலம் ஏறும்போது திணறினால் டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், இஜிஆர். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. விடாத வெண்புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் வீட்டில் மாதக்கணக்கில் அரை டேங்கோடு நிற்கும் வண்டியில், மழைக்காலத்தில் டேங்கினுள் ஈரம் படிந்து தண்ணீர் சேரும். எடுக்கும் முன் ஃபில்டரின் அடியில் தண்ணீரை வடிக்க வேண்டும்.

சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டாசு ஆலை, குடோன், சரக்கு ஏற்றிய வேன் அருகில் வண்டி நின்றால் முதலில் தள்ளிக்கொண்டு விலகுங்கள். பேட்டரிக்கு வயர் கொடுக்கும்போது பொறி பறக்கும். பட்டாசுப் பெட்டியையும் டீசல் கேனையும் ஒரே டிக்கியில் வைக்கவே கூடாது.

வண்டியை விற்கும்போது முள் பழுதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விற்றால், பொருளின் குறையை மறைத்ததாக அமைந்து, திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது ஃபிக்ஹு சட்டம். வாங்குபவர் ஓட்டிப் பார்க்கும்போதே பங்கில் 10 லிட்டர் ஊற்றி, முள் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.